மெஷின் ஓடுது சரி, குழாயைப் பார்த்தீங்களா?

1. 2021 கொரோனா இரண்டாம் அலையில வாங்கின ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரைப் பரண்ல இருந்து இறக்கி, அப்படியே தாத்தாவுக்கு மாட்டிடறீங்க. "மெஷின் நல்லா ஓடுது டாக்டர்"ங்கறீங்க. குழாயை யாரு பார்த்தா?

2. பழைய ஸ்கூபா கருவி வெச்சிருக்கிறவங்க, ரப்பர் குழாயோட ஒவ்வொரு மடிப்பையும் விரிச்சு, விரிசல் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் தண்ணியில இறங்குவாங்க. பொழுதுபோக்குக்கே அவ்வளவு கவனம். நம்ம வீட்டுப் பெரியவருக்கு?

3. மஞ்சளாகி விறைச்ச குழாய், உள்ளே ஈரம், கருப்புப் புள்ளி... கழுவிப் பார்க்காதீங்க, தூக்கிப் போடுங்க. பக்கத்து வீட்டுக்காரர் மூக்குல மாட்டினதைக் கடன் வாங்காதீங்க.

4. புதுசை மாட்டி, மூக்கு முனையை டம்ளர் தண்ணியில வைங்க. குமிழி வரலையா? குழாய் மடங்கியிருக்கும், இல்லைன்னா தண்ணி பாட்டில் மூடி சரியா மூடியிருக்காது. குமிழி வந்தாலும் காத்து வருதுன்னுதான் அர்த்தம். ஆக்சிஜன் எவ்வளவுன்னு டெக்னீஷியன் அளக்கணும்.

5. குழாய்ல தேங்காய் எண்ணெய் தடவாதீங்க. ஆக்சிஜன் பக்கத்துல எண்ணெய், பீடி எல்லாமே ஆபத்து. நம்ம திருவண்ணாமலையில தீபத்தன்னைக்கும் அகல் விளக்கு அந்த ரூமுக்கு வெளியிலதான்.

6. தப்பு எங்க மேலயும் இருக்கு. சீட்டுல எத்தனை லிட்டர்னு எழுதறோம், "குழாயை மாத்துங்க"ன்னு எழுதறதில்லை. இனிமே நான் எழுதறேன். நீங்க இன்னைக்கே குழாயை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க.