மெலிந்த நாயும் மிகுந்த அன்பும்

இக்கிழமை நாய்க்குச் சோறிடுவதைப் பற்றி எழுதப் புகுகின்றோம். இதற்கும் ஒரு பத்தி வேண்டுமோ என்று வாசகர் சிலர் நகைக்கக்கூடும். எமது காரைநகரில் நாயில்லாத வளவு அரிது. நாய்க்குச் சோறிடத் தெரியாதவர் எவருமிலர் என்பதே எல்லோரது எண்ணமும். எமது எண்ணமும் ஒரு காலத்தில் அதுவாகவே இருந்தது.

1991 ஆம் ஆண்டில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த காரைநகர் மக்கள் 1996 ஆம் ஆண்டின் பின்னரே மெல்ல மெல்லத் திரும்பினர். யாமும் அவ்வாறு திரும்பியவர்களே. பற்றை மண்டிய வளவைத் துப்புரவு செய்துகொண்டிருந்த நாள்களில், விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணத்தக்க நிலையில் ஒரு பெட்டை நாய் வேலியோரம் வந்து நின்றது. எமது ஆச்சி மனமுருகி, “பாவம், வாயில்லாச் சீவன், வயிறு நிறையப் போடு மோனை” என்றார். சோறும் மீனும் சொதியுமாக ஒரு சட்டி நிறைய இட்டோம். அன்று மாலையிலும் அவ்வாறே, மறுநாள் மும்முறை. மூன்றாம் நாட் காலையில் அது பின்னங்கால்கள் தள்ளாட, மூச்சிரைக்கக் கிடந்தது, நண்பகலுக்குள் இறந்துபோயிற்று. யாரோ நஞ்சு வைத்துவிட்டனர் என்று யாம் ஊரைக் குறைகூறினோம். எமது சட்டிச் சோறே அதற்கு நஞ்சாயிற்று என்று இன்று நம்புகின்றோம்.

உணவு எவ்வாறு நஞ்சாகும்? மாணவர்கள் இதனைக் கூர்ந்து நோக்குதல் நன்று. பல நாள் உணவின்றி இருக்கும் உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்தே உயிர்தரிக்கின்றது. அக்காலத்தில் உடலிலுள்ள பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகிய உப்புகள் மெல்லக் குறைந்துபோகின்றன. இந்நிலையில் சோறு போன்ற மாப்பொருள் திடீரெனப் பெருமளவில் வந்து சேருமாயின், உடல் இன்சுலினைச் சுரக்கின்றது. இன்சுலின் வெல்லத்தைக் கலங்களுக்குள் செலுத்தும்போது மேற்கூறிய உப்புகளும் உடன் இழுக்கப்படுகின்றன. குருதியில் எஞ்சியிருந்த சிறிதளவும் வற்றிவிடுகின்றது. தயமின் என்னும் விற்றமினும் அவ்வேளையில் விரைந்து செலவாகின்றது. இதயத் துடிப்பு தடுமாறும், தசை சோரும், செங்குருதிக் கலங்கள் உடையும். உணவு கொடுக்கத் தொடங்கிய முதல் நான்கைந்து நாள்களிலேயே இக்கேடு பெரிதும் நேர்கின்றது.

மனிதருக்கும் இது பொருந்தும். 1945 ஏப்பிரில் 15 ஆந் திகதி பேர்கன்-பெல்சன் என்னும் செருமானிய வதைமுகாமை மீட்ட பிரித்தானியப் படைவீரர், எலும்புக்கூடாய்க் கிடந்தவர்களுக்கு இரக்கத்தால் தம் கையிலிருந்த இறைச்சித் தகரங்களை உடைத்துக் கொடுத்தனர். உண்டவருட் பலர் மாண்டனர். எங்கள் ஆச்சியின் இரக்கத்துக்கும் அவர்களது இரக்கத்துக்கும் வேற்றுமை காண்கிலோம்.

இனி வீமனின் கதைக்கு வருவோம். வீமன் எமது இப்போதைய காவலன். பத்துக் கிலோ நிறையுள்ள ஊர்நாய். சென்ற ஆண்டு மழைக்குப் பின் உண்ணிக்காய்ச்சலிற் படுத்தான். உண்ணி கடித்துப் பரப்பும் நுண்ணுயிர்கள் பல. அவற்றுள் ஒன்றாகிய பபேசியா கிப்சோனி என்பது 1910 ஆம் ஆண்டிற் சென்னையிலே வேட்டை நாய்களின் குருதியிற் கண்டு விவரிக்கப்பட்டது. ஆகவே இது நம் பக்கத்துக்குப் பழைய நோயே. வீமன் எட்டு நாள் ஒன்றும் உண்டிலன். பொன்னாலைப் பாலத்தைக் கடந்து மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றபோது நிறை ஏழு கிலோ. குருதியைச் சோதித்து மருந்து தொடங்கிய வைத்தியர், காய்ச்சல் தணிந்து அவன் முகர்ந்து பார்த்து உண்ண விரும்பிய அன்று எமக்கிட்ட கட்டளை ஒன்றே: “அவன் கேட்கிற அளவு கொடுக்காதையுங்கோ, நான் சொல்லுற அளவு கொடுங்கோ.”

அவ்வளவு யாதெனின், நாயின் நிறையை முப்பதாற் பெருக்கி எழுபதைக் கூட்டினால், அது சும்மா படுத்திருக்க ஒரு நாளைக்கு வேண்டிய கிலோகலோரி ஏறக்குறைய வரும். மிகச் சிறிய நாய்க்கும் மிகப் பெரிய நாய்க்கும் இக்கணக்கு ஒவ்வாது. ஏழு கிலோ வீமனுக்கு 280. முதல் நாள் அதிற் காற்பங்கு, அஃதாவது 70 மட்டுமே. தோல் நீக்கி அவித்த கோழி நெஞ்சிறைச்சி 25 கிராமும் குழையச் சமைத்த சோறு 20 கிராமும் சேர்ந்தால் அவ்வளவு வந்துவிடும். இதையும் ஆறு வேளையாகப் பகிர்ந்து கொடுத்தோம். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டியினும் சற்றே மிகும்! வீட்டுப் பிள்ளைகள் எம்மைக் கொடியோர் போலப் பார்த்தனர். மூன்றாம் நாள் அரைப்பங்கு, ஐந்தாம் நாள் முக்காற்பங்கு, ஏழாம் நாளே முழு 280. இடையில் வைத்தியர் மீண்டும் குருதி சோதித்துப் பொசுபரசும் பொற்றாசியமும் குறையவில்லை என்று உறுதிசெய்தார். தயமினும் ஊசியாக ஏற்றினார்.

காய்ச்சற்காரருக்கு முதலிற் கஞ்சித்தெளிவு, பின்பு கஞ்சி, அதன்பின் குழைசோறு என்று நம் முன்னோர் படிப்படியாகக் கொடுத்த முறை அளவைப் பொறுத்தவரை மிகச் சரியானதே. ஆயினும் நாய்க்குக் கஞ்சி மட்டும் ஊற்றிக்கொண்டிருத்தல் ஆகாது. கரைந்துபோன தசை மீள வளரப் புரதம் வேண்டும். மேற்சொன்ன கேட்டைத் தூண்டுவதும் மாப்பொருளே. ஆகவே சோற்றினும் இறைச்சியோ, முள் நீக்கி அவித்த மீனோ, முட்டையோ மிகுந்திருப்பது நலம். உணவை இளஞ்சூடாகக் கொடுத்தால் மணமெழுந்து பசியைத் தூண்டும். வாயைப் பிளந்து திணித்தல் கூடவே கூடாது. உணவு மூச்சுக்குழாயிற் புகுந்தால் வேறொரு நோய் வந்துசேரும். நமது தீவின் கிணறுகள் பல உவர் ஆதலால், நாய்க்கும் நல்ல தண்ணீரையே வையுங்கள்.

மிஞ்சிய கறியைச் சோற்றிற் பிசைந்து வைப்பது நம் வழக்கம். கறியிலுள்ள வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். உண்ணிக்காய்ச்சலால் ஏற்கெனவே குருதி குன்றிய நாய்க்கு அது எவ்வளவு கேடு என்று சொல்ல வேண்டுவதில்லை. கட்டித் தேங்காய்ப்பாலும் பொரித்த கொழுப்பும் கணையத்தை அழற்றும். சமைத்த கோழியெலும்பு சிம்பாய் உடைந்து குடலைக் கிழிக்கும். கருவாட்டின் உப்பும் ஆகாது. பால் பல நாய்களுக்கு வயிற்றோட்டம் தரும். உண்ணிக்காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையைப் பாலிற் கரைத்துக் கொடுப்பாருமுளர். பாலிலுள்ள கல்சியம் அம்மருந்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கும். ஆதலால் உணவுடனே கொடுத்தல் வேண்டும். அதனைப் பெரும்பாலும் 28 நாள் கொடுக்கச் சொல்வர். நாய் வாலாட்டத் தொடங்கியதும் நிறுத்திவிடுகிறோமே, அது பெரும்பிழை. வீட்டிலுள்ள பனடோலையும் இபுபுரோபனையும் நாய்க்குக் கொடுக்க நினையாதீர்கள்.

உணவு தொடங்கிய முதற்கிழமையில் நாய் தள்ளாடினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்புக் கண்டாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்தாலோ பொழுது விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியரிடம் ஓடுங்கள். சிறுநீரக நோயாலோ நீரிழிவாலோ மெலிந்த நாய்க்கு உணவு முறையே வேறு. மெலிவின் காரணத்தை அறியுமுன் இப்பத்தியைப் பார்த்துச் சோறு நிறுக்க வேண்டா.

முதற்கிழமை கழிந்தபின் கை சற்றுத் தாராளமாகலாம். வீமன் மீள வேண்டிய பத்துக் கிலோவுக்குக் கணக்கிட்டால் 370. அதன் ஒன்றரை மடங்கை, ஏறக்குறைய 550 கிலோகலோரியை, இரண்டு கிழமையில் மெல்ல எட்டினோம். வேளையும் ஆறிலிருந்து மூன்றாயிற்று. ஞாயிறுதோறும் அவனைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பின்பு தனியே ஏறிக் கழித்துப் பார்த்துச் சுவர்க் கலண்டரில் எழுதினோம். முதற்கிழமை முடிவில் 7.1. எமக்குச் சோர்வே உண்டாயிற்று. மெதுவாக ஏறுவதே நன்று என்று வைத்தியர் தேற்றினார். நான்காம் கிழமை 8.2. விலா எலும்புகள் கண்ணுக்கு மறைந்து கைக்கு மட்டும் தட்டுப்படுவதே நல்ல உடல். அதற்குமேல் உருளவிடுவதும் நோயே. எலும்பில்லாத இறைச்சியும் சோறுமே மாதக்கணக்கிற் கொடுத்தால் கல்சியம் குறையும் என்பதால், ஐந்தாம் கிழமை முதல் நாய்க்கென ஆக்கிய நிறையுணவைச் சிறிது சிறிதாகக் கலந்தோம்.

ஒன்பதாம் கிழமை தராசு 9.6 காட்டியது. பத்தாம் கிழமை, அடுத்த வளவிற் காயப்போட்டிருந்த கருவாட்டை வீமன் களவெடுத்தான் என்று முறைப்பாடு வந்தது.