கடலடிப் பார்

கோவளத்து அலையில் கால் நனைத்த என் மகன், "இதன் அடியில் என்ன இருக்கிறது, அப்பா?" என்றான். பத்தாண்டுகளாகத் தம்பானூர் ரயில் நிலையத்தில் பணிபுரியும் எனக்கு விடை தெரியவில்லை. பின்னரே கேட்டறிந்தேன்.

1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் அமைத்த வகை மூச்சுக்கருவியைப் பூண்டு, ராபர்ட் பனிப்பிள்ளை இக்கடலில் மூழ்கி, பாறைத்திட்டுகளையும் அவற்றில் வாழும் உயிர்களையும் படமெடுத்திருக்கிறார். அத்திட்டினை இவ்வூர் மீனவர் 'பார்' என்பர். நம் தூத்துக்குடி முத்துக்குளிப்போரின் சொல்லும் அதுவே! கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் நேர்வைத்து அதன் இடத்தை அறிவர். மீன்களின் புகலிடமான அங்கே இன்று அறுந்த வலையும் பிளாஸ்டிக்கும் படிகின்றன.

மறுமுறை சென்றபோது, தின்பண்டப் பையை மகன் தானே வீட்டுக்குக் கொணர்ந்தான். பிழைக்க வந்த ஊரின் கடலும் நம்முடையதன்றோ!