உள்ளே ஓடும் கடியாரம்

அலார மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே உங்களுக்கு விழிப்பு வந்துவிடுவதுண்டு அல்லவா? பேரையூரானாலும் பெரிய பட்டணமானாலும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நமக்குள்ளேயே ஒரு கடியாரம் ஓடுகிறது, சகோதரிகளே!

இதை ஆராய்ந்தவர்களில் நம் மதுரைக்காரர்களும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எம். கே. சந்திரசேகரனும் அவர் குழுவினரும் வௌவால்களைக் கவனித்தார்கள். இருண்ட குகையில் அடைத்து வைத்த வௌவால்கூட, கூட்டத்தார் மாலையில் வெளியே கிளம்பும் வேளையை ஒட்டியே சிறகடித்தது. துணையில்லாத குகையில் வைத்ததோ, தன் உள் கடியாரத்தின் போக்கில் போய், ஊர் நேரத்தை விட்டு விலகியது. 1981-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

பிறகு மனிதர்கள். கடியாரமோ வெயிலோ தெரியாத தனி அறையில் சிலர் விரும்பித் தங்கினார்கள். அப்படி இருந்த ஒரு பெண்மணியைப் பற்றி 1991-ல் ஒரு கட்டுரை வந்தது. தூக்கத்துக்கு ஒரு கணக்கு, மாதவிலக்குக்கு வேறொரு கணக்கு. இரண்டும் பிணைந்தவையல்ல என்று அதில் தெரிந்தது.

கடியாரத்தின் சக்கரங்கள் எவை? ஜீவ அணுக்களில் உள்ள மரபணுக்கள்தாம். ஒரு மரபணு ஒரு புரதத்தைத் தயாரிக்கச் செய்கிறது. இரவில் அது சேர்ந்து, போதிய அளவு வந்ததும் அந்த மரபணுவையே நிறுத்திவிடுகிறது. புரதம் சிதைந்து குறைந்ததும் மறுபடி வேலை ஆரம்பம். பானை நிறைந்தால் மாவாட்டுவதை நிறுத்தி, தீர்ந்தால் மீண்டும் ஆட்டுகிறோமே, அது போல! ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி. பழ ஈக்களில் இதை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

உடம்பெங்கும் உள்ள இந்தச் சிறு கடியாரங்களுக்கு எஜமானி, மூளையின் அடிப்புறத்தில் உள்ள சுமார் 20,000 அணுக்கள். கண் வழியே வரும் வெளிச்சத்தைக் கொண்டு அவை தினமும் நேரத்தைத் திருத்திக்கொள்கின்றன.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்த்துவிட்டு மருமகள் காலையில் வந்து படுக்கிறாள். “பத்து மணி வரை தூக்கமா?” என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவள் உள் கடியாரமோ “பகல், பகல்” என்று எழுப்பிக்கொண்டிருக்கிறது. அதை மீறித்தான் அவள் தூங்க வேண்டும். இரவு வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவே 2007-ல் வகைப்படுத்தியிருக்கிறது. விளையாட்டு விஷயமல்ல.

ஆகவே ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். மிக்ஸியைச் சற்றுப் பொறுத்து ஓட்டுங்கள். பால்காரரையும் தபால்காரரையும் வாசலிலேயே நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். ஊரார் பிணியாளிகளுக்காகக் கண் விழித்தவளுக்கு, அரை நாள் இருட்டும் அமைதியும் தருவது பெரிய காரியமா, என்ன?