நான் கைநாட்டு இல்லை

அறிவொளி இயக்கம் பண்ருட்டிப் பக்கம் வந்த காலத்தில், பகலெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு ராத்திரியில் உட்கார்ந்து பெயர் எழுதப் படித்தவள் நான். வங்கியில் கணக்குத் தொடங்கும்போது மைப்பெட்டியை நகர்த்தியவரிடம், "வேணாம் சார், கையெழுத்துப் போடுவேன்" என்றேன். அந்தப் பெருமைக்கு இப்போது மதிப்பே இல்லை. என் பெயரை யாரும் கேட்பதில்லை. விரலை வை என்கிறார்கள்.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மாதா மாதம் கணக்கில் ஏறிவிடுகிறது. அதை எடுப்பதில்தான் வம்பு. ஊருக்கே வந்து பணம் கொடுக்கிற தம்பி, செல்போனில் ஒயர் மாட்டிய சின்னக் கருவியை நீட்டுகிறார். "நல்லா அழுத்துங்கக்கா." அழுத்துகிறேன். "கையத் தொடச்சிட்டு வைங்க." முந்தானையில் தேய்த்துவிட்டு வைக்கிறேன். "வேற வெரல்." ஒவ்வொரு விரலாக வைக்கிறேன். பொருந்தவில்லை என்று சிவப்பாக வருகிறது. பின்னால் நிற்கிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள், நான் என்னவோ திருட வந்தவள் மாதிரி. "ஒங்க ரேக தேஞ்சிபோச்சிக்கா, பேங்குக்கே போயிடுங்க." போனால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போச்சு.

தேயாமல் என்ன செய்யும்? முந்திரித் தோட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் கறுத்து, வெந்து, உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்போம். உரிந்த இடத்தில் புதுத் தோல் வருவதற்குள் மறுபடி எண்ணெய் படும். அந்தக் கருவி பார்ப்பதோ விரலில் உள்ள மேட்டையும் பள்ளத்தையும். மேடே இல்லாத விரலில் அது எதைப் பார்க்கும்? கொத்து வேலை செய்கிறவருக்கும், உப்பளத்தில் நிற்கிறவருக்கும், ஊர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவருக்கும் இதே கதைதான். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற விரலுக்கு மட்டும் கதவு திறக்கிறது.

தெரியாமல் நடக்கிறது என்றாவது ஆறுதல் பட முடியுமா? 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையிலேயே அரசு எழுதியிருக்கிறது: இப்படி ஆதார் சரிபார்ப்பு தோற்பது ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் என்று மதிப்பீடு. எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் படித்துச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. 2017 அக்டோபரில் ஆதார் ஆணையமே, ரேகை சேராதவரைத் திருப்பி அனுப்பாமல் வேறு வழியில் கொடுங்கள் என்று ரேஷனுக்கும் நலத்திட்டங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. வெயிலில் நிற்கிற எனக்குத்தான் எதுவும் இல்லை.

மகன் வாங்கித் தந்த செல்போனும் என் விரலை ஏற்பதில்லை. ஆனால் அதற்கு மரியாதை தெரியும். சில தடவை பார்த்துவிட்டு, சரி, நம்பரைப் போடு என்கிறது. போன் செய்தவனுக்கு இருக்கிற அந்த யோசனை, என் பணத்துக்குப் பூட்டுப் போட்டவர்களுக்கு ஏன் வரவில்லை? 2021 நவம்பரில் இருந்து மத்திய அரசு ஓய்வூதியர்கள் வீட்டில் இருந்தபடியே போன் கேமராவில் முகத்தைக் காட்டி உயிர்ச் சான்று கொடுக்கிறார்கள். அவர்களுக்கு முகம் போதும். எனக்கு மட்டும் விரல்தான் வேண்டுமா? அந்தத் தம்பி கையில் இருப்பதும் கேமரா உள்ள போன்தானே!

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குக் கொடுத்த வழி ஒன்றுதான்; அது அடைத்தால் அவராலும் ஆகாது. இரக்கப்பட்டுச் சொந்தக் காசு ஐநூறு நீட்டியிருக்கிறார். நான் வாங்கவில்லை. கடனா கேட்டேன்?

அதிகாரத்தில் இருக்கிறவர்களிடம் கேட்கிறேன். முகமோ, கண்ணோ, போனுக்கு வரும் எண்ணோ, ரேகை விழாதவர்களுக்கு வேறு வழியை அந்தக் கருவியோடு சேர்த்தே அனுப்புங்கள். "விரல் சேரவில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது" என்று பணம் கொடுக்கிற இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். படிக்க எங்களுக்குத் தெரியும்.