கொலைகாரனுக்கு எதற்கு ஃப்ளாஷ்பேக்?

நம் சினிமாவில் தொடர்கொலைகாரன் பிடிபடுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு பள்ளிக்கூடம் வந்துவிடும். யாரோ அந்தப் பையனைக் கேலி செய்வார்கள், யாரோ அடிப்பார்கள், பின்னணியில் வயலின் அழும். ‘ஓ, அதனாலதானா!’ என்று நாமும் சீட்டில் சாய்ந்துகொள்வோம். இந்த ‘அதனாலதானா’ மேல்தான் எனக்குக் கோபம்.

1978-ல் ‘சிகப்பு ரோஜாக்கள்’. திலீப் ஏன் பெண்களைக் கொல்கிறான்? சிறுவயதில் ஒரு பெண் அவன்மேல் பழி போட்டாள். வளர்த்தவரின் மனைவி துரோகம் செய்தாள். கணக்கு முடிந்தது. 2018-ல் ‘ராட்சசன்’. பள்ளிச் சிறுமிகள் ஏன் சாகிறார்கள்? சிறுவயதிலேயே முதுமை தட்டும் நோய் கொண்ட ஒருவனை வகுப்புத் தோழி ஏளனம் செய்தாள். (திரில்லராக அது அபாரமான படம், மறுக்கவில்லை. இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.) இந்த நாற்பது வருடத்தில் கேமராவும் எடிட்டிங்கும் எங்கேயோ போய்விட்டன. குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் மட்டும் இன்னும் ஒரு பெண்ணுடையதுதான். சாகிறவளும் அவள், காரணமும் அவளே!

நான் வேலை பார்க்கும் உலகத்தில் சர்வர் படுத்துவிட்டால் மறுநாள் ‘ரூட் காஸ்’ அறிக்கை எழுத வேண்டும். காரணம் என்று ஒன்றை எழுதிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, டிக்கெட்டை மூடிவிடலாம். நம் இயக்குநர்கள் மனிதனுக்கும் அதே அறிக்கையை எழுதுகிறார்கள். கேட்டால் மனிதாபிமானம் என்கிறார்கள். யார்மேல்? பெல்ட் அடி வாங்கி, பட்டப்பெயர் சுமந்து வளர்ந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கத்தி எடுக்காமல், ரேஷன் கடையில் வரிசையில் நின்றுகொண்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டு. காயம்தான் கொலைகாரனைச் செய்கிறது என்றால் அவர்கள் இத்தனை நாள் தங்களைப் பிடித்து வைத்திருந்ததற்கு என்ன பெயர்? அதைப் பற்றி ஒரு ஷாட் கூட இல்லை.

அப்போ கொலைகாரனின் பால்யத்தையே காட்டக் கூடாதா? காட்டலாம். தஸ்தயெவ்ஸ்கி 1866-லேயே காட்டினார். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரஸ்கோல்னிகோவ் கொலைக்கு முன் ஒரு கனவு காண்கிறான். அதில் அவனுக்கு ஏழு வயது. குடிகாரக் கும்பல் ஒன்று நோஞ்சான் குதிரையை அடித்தே கொல்கிறது. பையன் அழுதுகொண்டே ஓடிப்போய்ச் செத்த குதிரையின் தலையைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். அடித்தவன்மேல் சின்ன முஷ்டிகளோடு பாய்கிறான். நம் படங்களில் பால்யம், அவனுக்கு நடந்த தீமைக்குச் சாட்சி. இங்கே அவனுக்குள் இருந்த நன்மைக்குச் சாட்சி. குதிரைக்காக அழத் தெரிந்தவன், தெரிந்தேதான் கோடரியை எடுக்கிறான். வறுமை, அம்மா, தங்கை, நெப்போலியன் என்று காரணங்களுக்கும் பஞ்சமில்லை; பின்னால் சோனியாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, அவனே ஒவ்வொன்றையும் தள்ளிவிடுகிறான்.

வட்டிக்காரக் கிழவியைக் கொல்ல அவனிடம் ஒரு தத்துவமாவது இருந்தது. எதிர்பாராமல் வீட்டுக்குத் திரும்பிவிட்ட அவள் தங்கை லிஸவேதாவுக்கு எதிராக ஒன்றுமே இல்லை. வந்துவிட்டாள், அவ்வளவுதான். கையைக்கூடச் சரியாகத் தூக்காமல் வெட்டுப்படுகிறாள். ஆனால் நாவல் அவளை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவதில்லை. பல அத்தியாயங்கள் கழித்து, லாசரஸ் உயிர்த்தெழுந்த கதையை ரஸ்கோல்னிகோவுக்கு வாசித்துக் காட்டுகிறாள் சோனியா. அந்தப் புத்தகம் ஏது என்று கேட்கிறான். லிஸவேதா கொண்டுவந்து கொடுத்தது என்கிறாள். இருவரும் சேர்ந்து வாசிப்பார்களாம்.