ரதிக்கு அரைப்பேர்

2025 மாசிப் பௌர்ணமி ராத்திரி எங்கள் தோட்டத்தில் காமன் எரிந்தான். ரதி வேஷம் கட்டியது என் தம்பி. வயசு 19. மைக் கிடையாது. தப்புச் சத்தத்துக்கும் உடுக்குச் சத்தத்துக்கும் மேலே குரலை எழுப்பி விடிய விடியப் பாடினான். மன்மதன் சாம்பலான பிறகு ரதி புலம்புகிற இடம் வந்தபோது, லயத்துப் பொம்பளைகள் நிஜமாகவே அழுதார்கள்.

போயா என்பதால் அன்றைக்கு லீவு. ஆனால் விடிந்தால் வேலை. முகத்துப் பூச்சு முழுசாகப் போகாமலே பிரட்டுக்குப் போனான். தூக்கக் கலக்கத்தில் அவனுக்குரிய றப்பர் மரங்களை வெட்டி முடிக்கவில்லை. பால் குறைவு. அரைப்பேர்தான் விழுந்தது.

"நீ பாடினதப் பத்தித்தான்டா தோட்டமே பேசுது" என்றேன்.

"பேசட்டும்க்கா. பேரு பாதிதானே போட்டாங்க" என்றான்.

காமன் கூத்துப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அதிலிருந்து பௌர்ணமி வரை ராத்திரிகளில் பாட்டும் ஆட்டமும் பழகுவார்கள். ரதி, மன்மதன், தூதன், யமன், வீரபத்திரன் என்று வேஷங்கள் உண்டு. சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்துபோகிற கதை, பெரும்பாலும் பாட்டிலேயே நகரும். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தோட்டங்களில் இதைப் பழக்குவது ஒன்றிரண்டு வயசாளிகள்தான். புத்தகம் இல்லை, எல்லாம் அவர்கள் தலைக்குள்தான்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் சொல்வது, "நம்ம கலையப் பாதுகாக்கணும்." எனக்கு இந்தச் சொல்லே அலுத்துவிட்டது. முதலில் பாடுகிறவனைப் பாருங்கள். அவனுக்குப் பயிற்சியும் கூலியும் இல்லாமல், கூத்தை மட்டும் எப்படிப் பாதுகாப்பீர்கள்?

ஒபேரா என்றால் கோட் சூட் போட்டவர்கள் பார்க்கிற சமாச்சாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கம்பஸ் வந்த பிறகு ஒரு வகுப்பில் வீடியோ போட்டார்கள். கதை முழுக்கப் பாட்டு. மைக் இல்லை. ஒருத்தி நடுமேடையில் நின்று புலம்புகிறாள். எனக்குத் தம்பி ஞாபகம்தான் வந்தது. இந்தப் பாடகர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று தேடிப் பார்த்தேன்.

நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒபேரா 1980 இல் இளம் பாடகர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேருகிறவர்களுக்குப் படிக்கும் காலத்திலேயே உதவித்தொகை உண்டு. குரலுக்கு ஒரு ஆசிரியர், உச்சரிப்புக்கு ஒருவர், நடிப்புக்கு ஒருவர். சின்ன வேஷம் கொடுத்துப் பெரிய மேடையில் ஏற்றுவார்கள். இலங்கை வம்சாவளியைச் சேர்ந்த டானியெல் டி நீஸ் அந்தத் திட்டத்தில் பயின்று, 19 வயசில் அந்த மேடையில் பாடினார். அவருக்கும் 19, என் தம்பிக்கும் 19. அவருடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வயசில் தாங்கிப் பிடிக்க ஒரு ஏற்பாடு இருந்தது என்கிறேன்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. அக்னி உட்படச் சிங்களத்தில் ஒபேராக்கள் படைத்த பிரேமசிறி கேமதாச, கிராமப்புற இளையோரைச் சேர்த்துக் குரற்பயிற்சி கொடுத்தவர். நான் படிக்கிற பேராதனையில் எதிரிவீர சரச்சந்திர, சிங்கள நாடகமவின் இசை தெரிந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1956 இல் மனமே செய்தார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்து, கம்பஸ் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கி, கர்ணன் போர், இராவணேசன் போன்றவற்றை மேடையேற்றினார். அப்போது மாணவராக இருந்து ஆடிய சி. மௌனகுரு பிறகு தானே பேராசிரியரானார். வயசாளியின் வித்தை, இளம் பிள்ளைகள், ஒரு நிறுவனம். இந்த மூன்றும் சேர்ந்தபோது வேலை நடந்திருக்கிறது.

எங்கள் பக்கம் முதல் இரண்டும் இருக்கு. மூன்றாவதுதான் இல்லை. நாங்கள் படித்த பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்க ஆள் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைப் பீடமோ, மட்டக்களப்பு விபுலாநந்த நிறுவகமோ போவதற்கு ஏ.எல் வேணும். தம்பி ஓ.எல்லோடு மலைக்குப் போனவன்.

எங்கள் வாத்தியார் தாத்தாவிடம் இதைச் சொன்னபோது கோபப்பட்டார். "இது நேர்த்தி பாப்பா. காசுக்கு ஆடுற ஆட்டமில்ல." அவர் சொல்வதில் நியாயம் இருக்கு. கம்பத்தடியில் நடப்பது நேர்த்தியாகவே இருக்கட்டும். ஆனால் அங்கே பழகிய குரல் வேறொரு மேடையில் சோறு போட்டால் சாமி கோவிக்குமா? தாத்தா பதில் சொல்லவில்லை. வெத்திலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. முதலாவது, பழகுகிற நாட்களுக்குக் கூலி. 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. பன்னிரண்டு ராத்திரிக்கு அரைநாள் கணக்கில் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு 8,100 ரூபா. கோயில் கமிட்டியும் மாகாணக் கலாசாரத் திணைக்களமும் சேர்ந்தால் முடியாத தொகையா இது? இரண்டாவது, பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கு. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு வார இறுதியில் அங்கே வகுப்பு வைக்கலாம். ஏ.எல் கேட்கக் கூடாது. வாத்தியார் தாத்தா மாதிரி ஆட்களைச் சம்பளத்தோடு ஆசிரியராக அழைக்க வேணும். மூன்றாவது, மாசிக்கு வெளியே ஒரு மேடை. பேராதனைத் திறந்தவெளி அரங்கில் ஒரு மணித்தியாலக் காமன் கூத்தை ஏன் போடக் கூடாது? இதை என் பீடத்து நண்பர்களிடமே கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேணும். ரதியின் புலம்பல் எனக்கும் மனப்பாடம். சின்ன வயசிலிருந்து வாசலில் உட்கார்ந்து கேட்டே பாடமானது. தம்பிக்கு மறந்த அடியை எடுத்துக் கொடுத்ததே நான்தான். ஆனால் எங்கள் தோட்டத்தில் ரதிக்கும் ஆம்பிளைதான் வேஷம் கட்டணும். புதிதாக ஒரு வகுப்பு வந்தால் அதன் கதவு பொம்பளைப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும்.

தம்பி இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். போன கிழமை கோல் எடுத்து, "வர்ற மாசிக்கு வருவியா?" என்று கேட்டேன்.

"லீவு குடுத்தா வாறேன்க்கா. இல்லாட்டி வேற ஆளப் பழக்கச் சொல்லு."

யாரைப் பழக்குவது என்று வாத்தியார் தாத்தா என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.