மலை சரிவது மழையின் குற்றமா?

மலையகத்தில் மண் சரிந்து மக்கள் மாளுந்தோறும் "இயற்கையின் சீற்றம்" என்று கூறிக் கைகழுவுவோர் நம்மிடையே பலர். பழியை மழையின்மீது சுமத்திவிட்டால் மனிதர் எவரும் பதில் கூற வேண்டியதில்லை அன்றோ? இவ்வாதத்தின் பொய்ம்மையை உணர வேண்டுமாயின், மலை எவ்வாறு வாழ்கின்றது என்பதை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

ஹோட்டன் சமவெளியைச் சூழ்ந்த காடுகளில் மரங்களும் அவற்றில் படர்ந்த பாசியும் மழையை மட்டுமன்றி மூடுபனியையும் பற்றித் துளித்துளியாக நிலத்துக்கு இறக்குகின்றன. உதிர்ந்த இலை மக்கி உரமாகின்றது. அவ்வுரத்தை வேர்கள் மீண்டும் மரத்துக்கு ஏற்றுகின்றன. மக்கு நிறைந்த மண் நீரை உறிஞ்சி மெல்லக் கசியவிடுவதாலேயே மழை குன்றிய மாதங்களிலும் ஓடைகள் ஓடுகின்றன. மகாவலியும் களனியும் வளவையும் இம்மலைகளிலேயே பிறக்கின்றன.

இச்சுழற்சியை அறுத்தவர் யார்? 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், எவரும் உரிமையை நிறுவ இயலாத காடுகளை அரசுடைமையாக்கிற்று. துரைமார் அவற்றை வாங்கி, வெட்டி எரித்துக் கோப்பி நட்டனர். புல்லும் விடாது களைந்த சரிவுகளில் மேல்மண் மழையோடு போயிற்று. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது; தேயிலை வந்தது. பயிர் மாறிற்றேயன்றி முறை மாறவில்லை. கொழுந்தோடு மண்ணின் சத்தும் கப்பலேறிற்று. ஈடாக மூட்டை உரம் வந்திறங்கிற்று. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதும் தேயிலை விளைச்சல் வீழ்ந்தது. அம்மண் தன் வலிமையை இழந்துவிட்டது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இலாபம் கடல் கடந்தது; ஆபத்து லயங்களில் தங்கிற்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. மழை பெய்தது உண்மையே. ஆனால் அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்ததும் உண்மையே. அறிந்தும் அகற்றப்படாத மக்களின் சாவுக்கு மழையா பொறுப்பு?

காட்டைக் காப்போம் என்போர் லயத்தை மறந்துவிடலாகாது. மலையுச்சிகளிலும் ஓடைக்கரைகளிலும் நம்நாட்டு மரங்கள் மீண்டும் வளர்க்கப்படல் வேண்டும். தொழிலாளருக்குப் பாதுகாப்பான நிலத்தில் சொந்தக் காணியும் வீடும் வழங்கப்படல் வேண்டும். மண்ணிடம் எடுத்ததை மண்ணுக்கும், மனிதரிடம் எடுத்ததை மனிதருக்கும் திருப்பிக் கொடுக்குமாறு கேட்கின்றோம். இது இரக்கமன்று, தீர்க்கப்படாத கடன்.